அர்ச்சனையா, திவசமா?

சைவ சமயத்தில் உயிரோடு இருப்பவருக்கு அர்ச்சனை உண்டு. இறந்தவருக்குத் திவசம் உண்டு. சீட்டில் பெயரும் நட்சத்திரமும் எழுதிக் கொடுத்தால், குருக்கள் சங்கற்பத்தில் அதைச் சொல்லி அவருக்கு ஆயுளும் ஆரோக்கியமும் பெருக வேண்டுமென்று பிரார்த்திப்பார். இறந்தவருக்கோ 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டு முடிவில் ஆட்டைத் திவசம், பின்னர் தகப்பனாருக்கு ஆடி அமாவாசை, தாயாருக்குச் சித்திரைப் பௌர்ணமி என்று கிரியைகள் வரிசையாக வகுக்கப்பட்டிருக்கின்றன. இவற்றுள் எதைச் செய்வது என்பதில் சாதாரணமாக எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் பொலிஸார் பிடித்துச் சென்று திரும்பி வராத மகனுக்கு எதைச் செய்வது? மனைவி தன் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்த கணவனுக்கு எதைச் செய்வது?

நெடுங்காலம் காணாமற்போனவரைப் பற்றித் தர்மசாத்திர நூல்களில் ஒரு விதி இருக்கத்தான் செய்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் செய்தி எதுவும் கிடைக்காவிட்டால், அவர் இறந்தவராகக் கொள்ளப்பட்டு, தருப்பையாலோ இலைகளாலோ ஓர் உருவம் செய்து அதைத் தகனஞ் செய்து கருமங்களை முடிக்கலாம் என்பது அவ்விதி. கடல் கடந்து வணிகத்துக்குச் சென்றவனையும், யாத்திரை சென்று திரும்பாதவனையும் மனத்திற்கொண்டு செய்த ஏற்பாடாக அது இருக்கலாம். ஓர் அரசாங்கத்தின் காவலில் இருந்தவன் காணாமற்போவான் என்றும், அவன் எங்கே என்பதை அறிந்தவர்கள் வாய் திறவாமல் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்றும் அந்த விதியை எழுதியவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.

கடல் கடந்த நாடுகளில் உள்ள சைவ ஆலயங்களில் “கோயிலுக்குள் அரசியல் வேண்டாம்” என்ற கட்டுப்பாடு பொதுவாக உண்டு. அது நல்ல நோக்கத்தோடு ஏற்பட்டது. பல ஊரவர், பல கட்சிக்காரர், ஒருவரோடொருவர் முகம்பாராதவர்கள் எல்லோரும் ஒரே வீதியைச் சுற்றி வரவேண்டிய இடம் கோயில். அந்தக் கட்டுப்பாடு இல்லாதிருந்தால் எத்தனையோ சங்கங்கள் இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்திருக்கும். (இருந்தும் சில பிளந்தன என்பது வேறு விஷயம்.) ஆயினும் இலங்கைப் போரில் பெண்கள் செய்த சமாதான முயற்சிகளின் கதையைப் பார்க்கும்போது, அவர்கள் கச்சேரி வாசலிலே தொடங்கித் திரும்பத் திரும்பக் கோயில் வாசலுக்கே வந்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. ஏன் வந்தார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

1984ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் இராணுவம் இளைஞர்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்துச் சென்றபோது, அவர்களுடைய தாய்மார் அன்னையர் முன்னணி என்ற அமைப்பாகத் திரண்டனர். அரசாங்க அதிபரிடம் ஊர்வலமாகச் சென்று பிள்ளைகளை விடுவிக்கும்படி கேட்டனர். அதுவரை கச்சேரிப் பக்கமே போயிராத பெண்கள், சமையலை அயலவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தெருவில் இறங்கியது அக்காலத்தில் சிறிய காரியமன்று. அதே 1984இல் கொழும்பில் சிங்கள, தமிழ், முஸ்லிம் பெண்கள் சேர்ந்து “சமாதானத்துக்கான பெண்கள்” என்ற குழுவை அமைத்து, போரால் அன்றிப் பேச்சுவார்த்தையால் தீர்வு காணவேண்டும் என்று வற்புறுத்தினர். 1986இல் தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கியபோது, கிழக்கு மாகாணத்தில் பெண்கள் உலக்கைகளை ஏந்திக்கொண்டு தெருவுக்கு வந்து, ஓர் இயக்கத்தின் பையன்களை மற்ற இயக்கம் கொன்றுவிடாமல் மறித்து நின்றனர். நெல் குற்றிய உலக்கை துப்பாக்கியைத் தடுத்த சம்பவம் அது. வீரத்தைப் பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசப்படுகிறது. இந்த உலக்கைகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

யாழ்ப்பாணத்து அன்னையர் முன்னணி நெடுங்காலம் தன் வழியில் நிற்கவில்லை. ஆயுத இயக்கத்தின் நெருக்குதலினால் அது தன் சுதந்திரத்தை இழந்து, தர்ம காரியங்கள் செய்யும் சங்கமாகச் சுருங்கிய விதத்தை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம “முறிந்த பனை” நூலில் எழுதினார். எத்தரப்புச் செய்த கொடுமையானாலும் அதைப் பதிவு செய்யவேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 35. இரண்டு பெண்குழந்தைகளின் தாய்.

கோயில் வாசல் இந்தக் கதையில் முதலில் வருவது மட்டக்களப்பில். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தை அறியாத கிழக்கு மாகாணத்தவர் இல்லை. ஆடி அமாவாசையில் தீர்த்தமாட வரும் கூட்டத்தைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். 1988 மார்ச் 19ஆம் திகதி, பத்துப் பிள்ளைகளைப் பெற்ற கணபதிப்பிள்ளை பூபதி என்ற 55 வயது அம்மையார் அவ்வாலயச் சூழலில் உண்ணாவிரதம் தொடங்கினார். இந்திய அமைதிப்படையும் விடுதலைப் புலிகளும் உடனே போரை நிறுத்தவேண்டும், இரு பகுதியாரும் பேச்சுவார்த்தை நடத்தவேண்டும் என்பவை அவருடைய கோரிக்கைகள். சரியாக ஒரு மாதத்தின் பின், ஏப்ரல் 19ஆம் திகதி, உயிர் பிரிந்தது. பின்னாளில் அவர் பெயரை ஓர் இயக்கம் தன்னுடையதாக்கிக் கொண்டது. அதனால் அவரைப் போற்றுவோரும் உண்டு, அவரைப் பற்றிப் பேசத் தயங்குவோரும் உண்டு. இருபாலாரும் அவர் கேட்டது என்ன என்பதை ஒருமுறை பார்க்கலாம். போர் நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் கேட்டார், ஆயுதம் கேட்கவில்லை.

தெற்கில் நடந்ததை இங்குள்ள பலர் அறிந்திருக்கவில்லை. 1987 முதல் 1990 வரை ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்க அரசாங்கம் எடுத்த நடவடிக்கையும் சிங்களக் கிராமங்களைச் சுடுகாடாக்கின. பல்லாயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமற்போயினர். 1990 யூலையில் மாத்தறையில் அன்னையர் முன்னணி என்ற அதே பெயரில் ஓர் அமைப்புத் தொடங்கப்பட்டது. அதை ஒழுங்குசெய்தவர்கள் அப்போது எதிர்க்கட்சியில் இருந்த மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும். சில ஆண்டுகளுக்குள் இருபத்தையாயிரம் பேரளவில் அங்கத்தவர் சேர்ந்தனர். பெரும்பாலோர் தென்பகுதிக் கிராமத்து ஏழைப் பெண்கள்.

அந்தச் சிங்களத் தாய்மாருக்குத் தலைவியாக வந்தவர் ஒரு தமிழ்த் தாய். பெயர் மனோராணி சரவணமுத்து, தொழிலால் வைத்தியர். அவருடைய மகன் றிச்சர்ட் டி சொய்சா, பத்திரிகையாளர், நடிகர், கவிஞர். தகப்பன் சிங்களவர். 1990 பெப்ரவரி 18ஆம் திகதி இரவில் வீட்டுக்கு வந்த ஆயுததாரிகள் தாயின் கண்முன்னே மகனைக் கொண்டு சென்றனர். மறுநாள் உடல் மொறட்டுவைக் கடலோரத்தில் ஒதுங்கியது. வந்தவர்களுள் ஒருவரை அவர் பின்னர் தொலைக்காட்சியில் பொலிஸ் உடையில் கண்டு அடையாளம் சொன்னார். கொலை மிரட்டல்கள் வந்தன, அவர் பின்வாங்கவில்லை. தன் பிள்ளையின் உடலாவது தனக்குக் கிடைத்தது, அதுவும் கிடைக்காத தாய்மார் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்ற எண்ணமே அவரை அந்தப் பெண்களோடு சேர்த்து வைத்தது. உடல் கிடைப்பது ஒரு பாக்கியம் என்று ஒரு தாய் கருதவேண்டிய காலமாக அது இருந்தது.

அவசரகாலச் சட்டம் இருந்தபடியால் ஊர்வலங்களையும் கூட்டங்களையும் அரசாங்கம் எந்நேரமும் தடைசெய்யலாம். தெய்வத்திடம் முறையிடுவதைத் தடைசெய்வது அப்படி இலகுவன்று. 1992 யூன் 23ஆம் திகதி, அதாவது ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் பிறந்த நாளன்று, அன்னையர் முன்னணிப் பெண்கள் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலுக்குச் சென்றனர். “தேவ கன்னலவ்வ” என்று சிங்களத்தில் சொல்வது, தெய்வத்தின் முன் அழுது முறையிடுதல். வெள்ளை உடுத்த பெண்கள் தலைவிரி கோலமாக நின்று, மார்பிலடித்து, பிள்ளைகளின் பெயர் சொல்லிக் கதறி, தேங்காய்களைத் தரையில் ஓங்கி அடித்துச் சிதறவிட்டனர். தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களின் கதியும் இப்படியாகட்டும் என்று சாபமிட்டனர்.

சிதறுதேங்காய் அடிப்பது சைவர்களுக்குப் புதிதன்று. இங்கே ஆலயத்திலும் வெள்ளிக்கிழமைகளில் அடிக்கிறார்கள். பரீட்சை பாஸானதற்கும், புதுக்கார் வாங்கியதற்கும் அடிக்கிறார்கள். ஒரு தமிழ்க் காளி கோயில் முற்றத்தில் சிங்களப் பௌத்தப் பெண்கள் அதே தேங்காயை அடித்தபோது அது ஜனாதிபதியையே கலக்கமடையச் செய்யும் செயலாகிவிட்டது. பிரேமதாச பூசைகளிலும் நேர்த்திகளிலும் மிகுந்த நம்பிக்கையுடையவர் எனப் பெயர் பெற்றவர். அடுத்த ஆண்டு மே தினத்தில் அவர் குண்டுவெடிப்பில் இறந்தபோது, காளி தீர்ப்பளித்துவிட்டாள் என்று அப்பெண்களில் பலர் நம்பினர். அந்தக் குண்டைக் கொண்டுவந்தது காளியல்ல என்பது உலகறிந்த விஷயம். சாபத்தைச் சமாதான முயற்சி என்று சொல்லலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் நீதிமன்றம், பொலிஸ் நிலையம், மனித உரிமை விண்ணப்பம் ஆகிய எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்த பின்புதான் அவர்கள் காளியிடம் வந்தார்கள். மேலும், கண்ணகியைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறவர்கள் அதைக் குறைசொல்வது பொருந்தாது. மட்டக்களப்பில் வைகாசி மாதம் கண்ணகி கோயில்களில் வழக்குரை படிக்கும்போது, அரசனிடம் ஒரு பெண் நியாயம் கேட்ட கதையைத்தானே ஊர் கூடிக் கேட்கிறது. சிங்களவரும் அவளைப் பத்தினித் தெய்வம் என்று வணங்குகிறார்கள்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. ஆர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சி பிள்ளைகளைக் காணாமலாக்கியபோது, 1977 ஏப்ரல் 30ஆம் திகதி பதினான்கு தாய்மார் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடினர். கூட்டமாக நிற்கக்கூடாது, நடந்துகொண்டேயிருங்கள் என்று பொலிஸார் சொன்னதால், சதுக்கத்தின் நடுவிலிருந்த தூணை அவர்கள் சுற்றி வரத் தொடங்கினர். பிறகு வியாழக்கிழமை தோறும் அந்த வலம்வருதல் தொடர்ந்தது. அவர்களை உலகறியச் செய்த வெள்ளை முக்காடும் ஒரு புண்ணிய யாத்திரையில் பிறந்ததே. அவ்வாண்டு ஒக்டோபரில் லுஹான் மாதா கோயிலுக்குச் செல்லும் பெருங்கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளங்கண்டு கொள்வதற்காக, பிள்ளைகளுக்கு முன்னொரு காலத்தில் கட்டிய வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு சென்றனர்.

பெண்ணுரிமை பேசும் அறிஞர்கள் சிலர் இந்த அன்னையர் இயக்கங்களில் ஒரு குறை காண்கின்றனர். பெண் ஒருத்தி “தாய்” என்று சொன்னால்தான் நாடு அவளுக்குக் காது கொடுக்கிறது. பிரஜை என்ற உரிமையோடு அவள் பேசினால் யார் கேட்கிறார்கள் என்பது அவர்களுடைய வாதம். தாய்மையின் கண்ணீரைக் கட்சிகள் தங்களுக்கு வாய்ப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடும் என்றும் சொல்கின்றனர். இரண்டாவதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1994இல் அன்னையர் முன்னணியை ஆதரித்த கட்சி ஆட்சிக்கு வந்தது. காணாமற்போனோர் பற்றி விசாரிக்க ஆணைக்குழுக்கள் நியமிக்கப்பட்டன, அறிக்கைகள் எழுதப்பட்டன, முன்னணி மெல்ல மெல்ல மறைந்தது. 1990 செப்டெம்பரில் காணாமற்போனவர்களின் புகைப்படங்களையும் விபரங்களையும் எடுத்துக்கொண்டு ஜெனீவாவுக்குப் புறப்பட்ட மகிந்த ராஜபக்சவிடமிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் அந்தத் தாள்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அதே மனிதர் 2005இல் ஜனாதிபதியானார். 2009 மே மாதம் போர் முடிந்தபோது அவருடைய ஆட்சியில், புகைப்படம் ஏந்திய இன்னொரு கூட்டம் தாய்மார் உருவானார்கள். அப்படங்களைப் பார்க்க இப்போது அவருக்கு விருப்பமிருக்கவில்லை.

சமாதான மேசையிலும் பெண்கள் இருக்கவேண்டும் என்று 2000 ஒக்டோபர் 31ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1325ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. நோர்வேயின் அனுசரணையில் நடந்த பேச்சுவார்த்தையின்போது அரசாங்கத் தரப்பில் ஐவரும் புலிகள் தரப்பில் ஐவருமாகப் பெண்களைக் கொண்ட ஓர் உபகுழு அமைக்கப்பட்டு, 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடியது. அடுத்த மாதமே பேச்சுவார்த்தை முறிந்தது. குழுவும் அதோடு போயிற்று. அதிலிருந்து சொல்லக்கூடிய பலன் அதிகமில்லை.

அதைவிட ஒரு தனிப் பெண் செய்தது மனத்தில் நிற்கிறது. விசாகா தர்மதாச கண்டியைச் சேர்ந்த சிங்களப் பெண்மணி. இராணுவத்தில் இருந்த அவருடைய மகன் 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சண்டையில் காணாமற்போனார். சிப்பாய்களின் கழுத்தில் அடையாளத் தகடு இருந்தால், எந்தத் தாயும் இப்படி ஐயத்தில் தவிக்கவேண்டியிராது என்று கண்ட அவர், அதற்காக இராணுவத் தலைமையோடு வாதாடினார். பின்னர் இரு பகுதித் தாய்மாரையும் ஒன்றுகூட்டினார். வேறு தாய்மாரையும் அழைத்துக்கொண்டு வன்னிக்குச் சென்று புலிகளின் பிரதிநிதிகளையே நேரில் சந்தித்தார். மகனைப் பறித்த தரப்பினரின் வாசலுக்குப் போய் மரியாதையாகப் பேச எவ்வளவு மனவலிமை வேண்டும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அந்தக் கிளிநொச்சியிலேயே, ஏ9 வீதியோரம் உள்ள கந்தசுவாமி கோயிலின் முன்னால், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் ஒரு போராட்டத்தைத் தொடங்கினர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். 2009 மே நடுப்பகுதியில் முல்லைத்தீவுக் கரையில் படையினரிடம் சரணடைந்தவர்களின் தாய்மார், மனைவிமார் பலர் அவர்களுள் இருந்தனர். ஒரு கத்தோலிக்கக் குருவானவர் தலைமையில் சரணடைந்தோர் பஸ்களில் ஏற்றப்பட்டதைக் குடும்பத்தவர் தங்கள் கண்ணாலேயே கண்டனர். அந்தக் குருவானவரும் திரும்பி வரவில்லை. 2016இல் சட்டமியற்றப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018இல்தான் இயங்கத் தொடங்கியது. மரணச் சான்றிதழ் தருகிறோம், அல்லது ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழ் தருகிறோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐக்கிய நாடுகளின் பிரதிநிதியிடம் கூறியதாகச் செய்தி வந்தது. எப்போது, எங்கே, யார் கையால் என்று அவர் கூறவில்லை. 2025 பெப்ரவரியில் அப்போராட்டம் எட்டாண்டுகளை நிறைவு செய்தது. தொடக்கத்தில் வந்திருந்த தாய்மாரில் பலர் இடையில் காலமாகிவிட்டனர்.

அப்படிக் காலமானவர்களுக்கு அந்தியேட்டியும் திவசமும் முறைப்படி நடந்தன. கொள்ளி வைக்கவேண்டிய மூத்த மகன் எங்கே என்பதுதான் சில வீடுகளில் தெரியவில்லை.

இந்தச் சங்கத்தில் வெள்ளிக்கிழமைகளில் அர்ச்சனைச் சீட்டு எழுதும் அம்மையார் ஒருவர் உண்டு. அவருடைய தமக்கையார் கிளிநொச்சியில் இருக்கிறார். தமக்கையின் மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் கையளிக்கப்பட்டவர். ஆயிலிய நட்சத்திரம். அம்மையார் மாதந்தோறும் ஆயிலியத்தன்று தமது சொந்தப் பணத்தைப் பெட்டியில் போட்டு, அந்தப் பெயருக்கு ஒரு சீட்டு எழுதி, மற்றவர்களின் சீட்டுகளோடு சேர்த்துத் தட்டில் வைத்துவிடுவார். இது பல காலமாக எவருக்கும் தெரியாது. பன்னிரண்டு ஆண்டு கழிந்த பின், 2021இல், குடும்பத்துப் பெரியவர்கள் தமக்கையாருக்குப் புத்தி சொன்னார்களாம்: சாத்திரத்தில் இடமிருக்கிறது, தருப்பையில் உருவம் செய்து கருமத்தை முடித்துவிடு, பிள்ளையின் ஆன்மாவாவது சாந்தியடையட்டும் என்று. அதற்குத் தமக்கையார் தொலைபேசியில் சொன்ன பதிலை அம்மையார் மாதர் அணியினரிடம் அப்படியே சொன்னார். “கொண்டுபோனவன் கொன்றானோ இல்லையோ தெரியாது. திவசம் செய்தால் நானல்லவோ அவனைக் கொன்றவள் ஆவேன்.”

மருமகளோ வேறு விதமாக நினைக்கிறாள். அவளுக்குப் பொட்டு வைப்பதும் கஷ்டம், வைக்காமலிருப்பதும் கஷ்டம். கலியாண வீடுகளில் ஆரத்தி எடுக்கக் கூப்பிடுகிறார்களில்லை. செத்தவீட்டுக்குப் போனால், விதவைகளோடு உட்காருவதா மற்றவர்களோடு உட்காருவதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டு வந்துவிடுகிறாள். முடிவு தெரிந்தால் அழுது தீர்த்துவிடலாம் என்கிறாள். ஒரே வீட்டில் மாமியார் மகனுக்காக நேர்த்தி வைக்கிறார், மருமகள் முடிவை வேண்டுகிறாள். இருவரும் வீதியோரக் கொட்டகையில் ஒரே புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள்.

ஆகவே அந்தப் பெண்கள் கேட்கும் கேள்வி, அரசாங்கத்துக்கு அரசியற் கேள்வியாகத் தோன்றினாலும், கோயிலில் அது கிரியை பற்றிய கேள்வியேயாகும். சங்கற்பம் சொல்லும் குருக்களுக்கும் அதற்கு விடை தெரிந்தாகவேண்டும். உயிரோடு இருப்பவனுக்குத் திவசம் செய்வது பாவம். இறந்தவனுக்குச் செய்யாது விடுவதும் பாவம் என்பதுதானே மரபு. எது பாவம் என்பதை அறிய முடியாமல் ஒரு தாயை நிறுத்தி வைத்திருப்பவர்கள் அந்தத் தாய்க்கு மட்டுமன்றிச் சமயத்துக்கும் பதில் சொல்லவேண்டியவர்கள்.

சென்ற பொதுக்கூட்டத்தில் மாதர் அணியினர், ஆண்டுதோறும் ஆகஸ்ட் 30ஆம் திகதி, காணாமலாக்கப்பட்டோருக்காக ஐக்கிய நாடுகள் அனுட்டிக்கும் நாளில், அவர்கள் பெயரால் ஒரு பூசை நடத்த அனுமதி கேட்டனர். கட்டுப்பாடு எடுத்துக் காட்டப்பட்டது. கொடி வருமா, பேச்சு நடக்குமா, படமெடுத்துப் பத்திரிகையில் போடுவார்களா என்று கேள்விகள் எழுந்தன. ஓர் அங்கத்தவர், இராணுவம் கொண்டுபோனவர்களின் பெயர் மட்டுமா, இயக்கம் கட்டாயமாகப் பிடித்துச் சென்று திரும்பாத பிள்ளைகளின் பெயருமா என்று கேட்டார். சற்று நேரம் சபையில் பேச்சே இல்லை. எல்லாப் பெயர்களும் என்று அர்ச்சனைச் சீட்டு எழுதும் அம்மையார் விடை சொன்னார். யார் கொண்டுபோனார்கள் என்று எழுதுவதற்கு மாதர் அணி தயாரித்த படிவத்தில் இடம் விடப்படவில்லை. வழக்கு மன்றத்தில் அதுதான் முதற் கேள்வியாக இருக்கவேண்டும். சந்நிதியில் அது வேண்டியதில்லை என்பது அவர்கள் கருத்து. இதை ஏற்காதவர்களும் சபையில் இருந்தனர். அவர்களுக்கும் தக்க காரணங்கள் உண்டு. கடைசியில் கொடியும் பேச்சும் இல்லாமல், விசேட அபிஷேகமும் நாமாவளி அர்ச்சனையுமாக நடத்தலாம் என்று தீர்மானமாயிற்று. திவசமோ மோட்ச தீபமோ இல்லை. விடை கிடைக்கும் வரை அர்ச்சனைதான்.

பெயர், நட்சத்திரம், இராசி ஆகியவற்றை எழுதி வெள்ளிக்கிழமைகளில் மாதர் அணியினரிடம் கொடுக்கலாம். கோத்திரம் தெரியாதவர்கள் சிவகோத்திரம் என்று குறிப்பிட்டால் போதும். நட்சத்திரம் தெரியாதவர்கள், பிறந்த திகதியையும் நேரத்தையும் தெரிந்தவரை எழுதித் தந்தால் குருக்கள் ஐயா பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வார். பூசைக்குக் கட்டணம் கிடையாது. தேங்காய், பழம், பூ கொண்டுவர விரும்புவோர் அன்று காலை 8 மணிக்கு முன்னர் மடைப்பள்ளியில் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.